தோலும் கம்பியும்: ஆபத்தை அளந்த வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2022 ஏப்ரல் 27 அன்று விடியுமுன், தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அடுத்து வந்த நாட்களின் பேச்சுகளைக் கவனித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அது தேரா சப்பரமா, அனுமதி வாங்கினார்களா இல்லையா, அலங்காரத்தை ஏன் அவ்வளவு உயரத்துக்குக் கட்டினார்கள். எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் டீக்கடைகளில் அதுவே இன்னும் சுருக்கமாக வந்தது. "நம்ம ஜனங்களுக்குப் பயமே கெடையாதுங்க." செத்தவனுக்குப் பயம் இல்லாததால் செத்தான் என்கிற இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது டீக்கடையில் பிறந்த வாக்கியமில்லை. ஆய்வுக்கூடங்களில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழக்கப்பட்டு வந்த வாக்கியம் என்பதே என் வாதம்.

பயத்தை அளப்பதற்கென்று இன்று ஒரு அறிவியல் வளர்ந்து நிற்கிறது. தலையில் ஒரு கண்ணாடியை மாட்டி, மெய்நிகர் உலகம் ஒன்றை, அதாவது வர்ச்சுவல் ரியாலிட்டியை, கண்முன் விரிக்கிறார்கள். மார்பில் ஒரு பட்டை, விரல்களில் இரண்டு சின்ன உலோக வில்லைகள். கிரேனில் தொங்கும் பாரம் ஆடுகிறது, சுரங்கக் கூரை சரிகிறது. ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவனுடைய இதயத் துடிப்பும், விரலில் ஊறும் வியர்வையும், பார்வை போகிற திசையும் மட்டும் பதிவாகின்றன. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பாதுகாப்புப் பகுப்பாய்வுக்கும் மெய்நிகர் மெய்ம்மைக்கும் என்றே தனி ஆய்வுக்கூடம் உண்டு. தன்பாத்தில் சுரங்கத்தையே மெய்நிகராக்கிக் காட்டுகிறார்கள். யாரையும் சாகவிடாமல் சாவின் அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது என்ற அளவில் இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கம்பத்தில் ஏறப்போகிற பையன் முதல் தப்பை நிஜக் கம்பத்தில் செய்யாமல் கண்ணாடிக்குள் செய்துவிட்டு வரட்டும். நான் கேட்பது வேறு. ஆபத்து என்பது கம்பியில் இருந்து கிளம்பி, எப்போது எப்படி மனிதனின் தோலுக்குள் வந்து குடியேறியது?

ஹார்வர்டில் இருந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பர்க் என்ற உளவியலாளரிடம் இருந்து தொடங்கலாம். அமெரிக்க நகரங்களில் டிராம் வண்டி ஏறி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். சில கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு 50,000 நஷ்டஈட்டு வழக்குகள் வரை வந்ததாகவும், மொத்த வருமானத்தில் 13 சதவீதம் அதற்கே போனதாகவும் 1913-இல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதுகிறார். ஓட்டுநர்களைச் சோதிக்க அவர் ஒரு கருவி செய்தார். அட்டையின் நடுவில் தண்டவாளம். இரு பக்கமும் எண்கள்: 1 என்றால் நடந்து போகிறவர், 2 குதிரை வண்டி, 3 மோட்டார். கறுப்பு எண் தண்டவாளத்தோடு ஒட்டிப் போகும். சிவப்பு எண் குறுக்கே வரும். ஓட்டுநர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, எந்தச் சிவப்பு எந்த இடத்தில் வந்து தண்டவாளத்தில் விழும் என்று சொல்லவேண்டும். நிஜத் தெருவின் சின்ன மாதிரியைச் செய்வதில் பயனில்லை, தெரு மனத்தில் எழுப்புகிற வேலையை எழுப்பினால் போதும் என்பது அவர் கட்சி. தெரு இல்லாத தெரு! கண்ணாடி மாட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மெய்நிகர் தெரு தயாராகிவிட்டது. அந்த அட்டையில் பிரேக்குக்கு இடமில்லை. வண்டியின் வேகத்துக்கும் கால அட்டவணைக்கும் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்பதற்கும் இடமில்லை. கவனமுள்ள ஓட்டுநர், கவனமில்லாத ஓட்டுநர் என்று பிரிப்பதற்கு மட்டுமே இடமிருந்தது.

தோல் வேறு பாதையில் வந்தது. 1888-இல் பாரிஸில் ஃபெரேயும், 1890-இல் தார்க்கானோவும் உணர்ச்சி வசப்படும்போது தோலின் மின்குணம் மாறுவதைக் கண்டார்கள். யுங் அதைச் சொற்சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் போலீஸ் பொய் கண்டுபிடிக்கிற கருவியில் சேர்த்துக்கொண்டது. உளவியல், மருத்துவம், காவல்துறை மூன்றும் ஒரே கம்பியின் நுனியில் வந்து கைகோக்கும் இந்த இடத்தை ஃபூக்கோ படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாய் சொல்வதை நம்பாதே, உடலைக் கேள் என்பதுதான் இச்சொல்லாடலின் அடிப்படை.

1964-இல் டெய்லர் என்பவர் கார் ஓட்டுகிறவர்களின் விரலில் வில்லைகளைக் கட்டிப் பல வகைச் சாலைகளில் ஓட்டச் சொன்னார். வளைவிலும் நெரிசலிலும் பதற்றம் கூடும், அகல வழியில் குறையும் என்றுதானே நினைப்போம்? நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் பதற்றத்தின் வீதம் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தது. ஆபத்தான இடத்தில் மெதுவாகப் போய், சுலபமான இடத்தில் வேகம் பிடித்து, தனக்குப் பழகிய பதற்ற அளவை ஓட்டுநர் தானே காத்துக்கொள்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு 1982-இல் ஜெரால்ட் வைல்ட் ஒரு கோட்பாடே கட்டினார்: நீ எவ்வளவு பாதுகாப்புச் செய்து கொடுத்தாலும் மனிதன் தனக்கு வேண்டிய ஆபத்தைத் தேடிக்கொள்வான். கோட்பாடு இன்றும் சர்ச்சைக்குரியதுதான். ஆனால் அதன் அரசியல் வசதி சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. சாலையைச் சரிசெய்தும் பயனில்லை, ஆளைச் சரிசெய் என்று சொல்லவல்ல ஒரு கோட்பாடு எந்த நிர்வாகத்துக்குத்தான் பிடிக்காது?

அடுத்து கண்ணாடி வருகிறது. 1968-இல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்து காட்டினார். 2002-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகக்காரர்கள் வெளியிட்ட பரிசோதனை பிரசித்தம். கண்ணாடிக்குள் ஒரு அறை, அதன் நடுவில் ஆழமான குழி. கீழே தரை சமதரைதான் என்று ஆளுக்குத் தெரியும். இருந்தாலும் விளிம்புக்கு வந்ததும் நாடி எகிறுகிறது. காலடியில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு நிஜப் பலகை ஒன்றைப் போட்டு, அதன் நுனி பாதத்தில் தட்டுப்படும்படி செய்தால் இன்னும் எகிறுகிறது. அறிவு ஒன்று சொல்ல உடல் வேறொன்று செய்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் மகிழ்ந்தார்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான். எனக்கு அந்தப் பலகை முக்கியமாகப் படுகிறது. ஒன்றரை அங்குல நிஜம் இல்லாமல் அத்தனை பெரிய மெய்நிகரும் முழுசாக நிற்கவில்லை.

இனி இதே கருவியைத் திருப்பிப் பார்க்கலாம். விரலில் கட்டும் வில்லைகள் பயத்தை அளப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அவை செய்வது, அரை வோல்ட் போன்ற ஒரு சிறு அழுத்தத்தில் தோலின் வழியே மின்சாரம் செலுத்தி, எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. வியர்த்தால் தோலின் தடை இறங்கும், மின்சாரம் கூடுதலாகப் போகும். அந்தக் கூடுதலுக்குத்தான் பதற்றம், கிளர்ச்சி, பயம் என்றெல்லாம் பெயர். இதே தோல், இதே வியர்வை, இதே தடை இறக்கம். வெளியே இருப்பது அரை வோல்ட்டாக இல்லாமல் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டாக இருந்தால் ஆள் பிணம். காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கலாம். நனைந்துவிட்டால் மனித உடலை ஏறத்தாழ 1,000 ஓம் என்றுதான் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பயத்தின் அடையாளமாக இருக்கும் ஈரம், வயலில் சாவின் நிபந்தனை. கணுக்கால் சேற்றில் நிற்கும் நடவுக்காரப் பெண்ணுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் ஈரக் காலோடு மோட்டார் கொட்டகைக்கு ஓடி ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிறவனுக்கும் வேலைநேரம் முழுக்கத் தோலின் தடை இறங்கியே இருக்கிறது. அந்தக் கருவியின் கணக்குப்படி இவர்கள் ஓயாது பயந்துகொண்டிருப்பவர்கள்! டீக்கடையின் கணக்குப்படி பயமே இல்லாதவர்கள்.

எவ்வளவு மின்சாரத்தை உடல் தாங்கும் என்று அளந்த வரலாறு தனியே சொல்லத் தகுந்தது. 1880-களின் கடைசியில் அமெரிக்காவில் எடிசன் தரப்புக்கும் வெஸ்டிங்ஹவுஸ் தரப்புக்கும் நடந்த வியாபாரச் சண்டையில் நாய்களும் கன்றுகளும் குதிரையும் பலி கொடுக்கப்பட்டன. 1890-இல் வில்லியம் கெம்லர் என்ற கைதி மின்நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். முதல் தடவை பாய்ச்சியதில் அவர் சாகவில்லை, மறுபடியும் பாய்ச்சினார்கள். அதற்கப்புறம் வந்தவர் பெர்க்கிலி பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல். 1940-களில் அவர் உயிரோடிருக்கும், சம்மதித்து வந்த ஆட்களை வைத்து ஒரு அளவைத் தேடினார். உப்புநீரில் நனைத்த கையில் செப்புக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது. எந்த அளவில் தசை இறுகி, விடமுடியாமல் போகிறது? "கரண்ட் புடிச்சிக்கிச்சு" என்று நம்மூரில் சொல்வோமே, அந்தப் பிடிக்கான எண். 134 ஆண்களிடம் சராசரி 16 மில்லி ஆம்பியர் அளவிலும், 28 பெண்களிடம் 10.5 அளவிலும் கிடைத்தது. பிடியை எவரும் விடக்கூடிய பாதுகாப்பான எல்லை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 என்று வைத்தார். குழந்தைகளைச் சோதிக்க முடியாது, ஆகவே ஆண்களில் பாதி. இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்கும் அளவை மனிதரிடம் பார்க்க முடியாது. அதற்கு ஆடு, கன்று, பன்றி, நாய்களை வைத்து மற்றவர்கள் 1930-களில் எடுத்த கணக்கை உடல் எடைக்கு ஏற்ப நீட்டினார். துணைமின் நிலையங்களில் தரையடிக் கம்பிவலை போடுகிறவர்கள் இன்றும் 50 கிலோ உடல், 70 கிலோ உடல் என்று இரண்டு கற்பனை உடல்களை வைத்து அந்தச் சூத்திரத்தில்தான் கணக்கிடுகிறார்கள். எங்கள் பக்கம் களை எடுக்கும் பெண்களில் 50 கிலோவை எட்டாதவர்கள் எத்தனை பேர் என்பது வயல்வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும். அவர்களுடைய உடல் அந்த வேலிக்குள் போவதில்லை, ஆகவே சூத்திரத்துக்குள்ளும் போவதில்லை.

இருந்தும் டால்சீலை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அவர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஆட்களுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. கசிவு சில மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் தானே வெட்டிவிடும் சாதனத்தை 1961-இல் செய்தார். உடலில் எடுத்த அளவு உடலிலேயே தங்காமல் சுவர்ப் பெட்டிக்குப் போயிற்று. கசிவுத் தடுப்பான் என்று இன்று 30 மில்லி ஆம்பியர் அளவில் நம் கடைகளில் கிடைப்பது அதன் வாரிசு. ஆனால் நம் நாட்டு மின் விதிகளைப் பாருங்கள். 1956 விதிகளில் பின்னால் சேர்க்கப்பட்ட 61-ஏ, இத்தகைய சாதனத்தைக் கட்டாயமாக்கியபோது 5 கிலோவாட்டுக்குக் குறைந்த, குறைந்த அழுத்த இணைப்புகளை விட்டுவிட்டது. ஒற்றை விளக்குக் குடிசையின் இணைப்பு எத்தனை வாட் என்று யோசித்துக்கொள்ளலாம். மண்சுவர், ஈரத்தரை, ஒட்டுப்போட்ட ஒயர். சாதனம் வேண்டியது அங்கே, விதி காட்டுவது மாடி வீட்டை. உல்ரிக் பெக் 1986-இல் அபாய சமூகம் பற்றி எழுதியபோது, நவீன அபாயங்கள் வர்க்க வேலிகளைத் தாண்டிப் பாய்கின்றன என்றார். அணுக்கதிருக்கு அது பொருந்தலாம். ஸ்டே கம்பியில் கசியும் மின்சாரத்துக்கு வர்க்கமும் சாதியும் நன்றாகவே தெரியும். கம்பம் நடுவது எந்தத் தெருவில், இன்சுலேட்டர் மாற்றுவது எந்தத் தெருவில் என்பது நமக்குத் தெரியாததல்ல.

உடல் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிற வழக்கம் மின்சாரத்தோடு வந்ததும் அல்ல. 1877-இல், சென்னை மாகாணம் பஞ்சத்தில் கிடந்தபோது, சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், வேலை செய்கிற உடல் அதில் கரைந்துபோகும் என்று எழுத்தில் சண்டை போட்டார். இரண்டு பேரும் உடலைத்தான் அளந்தார்கள். ஒருவர் சாகாத அளவுக்குக் குறைந்தபட்சம் எது என்று; மற்றவர் அந்தக் குறைந்தபட்சம் பொய் என்று காட்ட. அந்த வருஷமே கூலி உயர்த்தப்பட்டது. காவிரி இருந்ததால் தஞ்சாவூர்ச் சீமை பெருமளவு தப்பித்துக்கொண்டது என்பது வேறு கதை.

தமிழ் உடல்களில் இந்த வில்லைகளைக் கட்டிப் பார்த்த ஆய்வும் உண்டு, அதுவும் விபத்தில் அல்ல, பக்தியில். மொரீஷியஸ் தீவில், கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் வழிவந்தவர்களிடையே, டிமிட்ரிஸ் சைகலாடஸ் என்ற மானுடவியலாளர் குழுவினர் தைப்பூசக் காவடியையும் தீமிதியையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அலகு குத்திக் காவடி எடுக்கிறவர்களின் உடலில் கருவி கட்டி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தோலின் மின்கடத்தல் சாதாரண நாட்களைக் காட்டிலும் மிக உயர்ந்திருந்தது. பின்னர் விசாரித்தபோது அவர்களுடைய மனநலம் கூடியிருந்தது. அதிகம் குத்திக்கொண்டவர்களுக்கே அதிகம் கூடியிருந்தது. ஸ்பெயினில் ஒரு கிராமத்துத் தீமிதியை அளந்து 2011-இல் இவர்கள் வெளியிட்டது இன்னும் விசித்திரம். தீயில் நடப்பவரின் துடிப்போடு, ஓரத்தில் நின்று பார்க்கும் உறவினரின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த அந்நியருக்கு அப்படி இல்லை. அதாவது கருவியின் முள் ஏறுவது பயத்தாலா, அருளாலா, அண்ணன் தீக்குள் இறங்குகிறான் என்பதாலா என்று முள்ளுக்குத் தெரியாது. தேர் வடத்தைப் பிடித்து இழுப்பவனின் வியர்வையை எடுத்துவைத்து இவன் ஆபத்தை உணர்ந்தான், உணரவில்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? எங்கள் ஊர்ச் சிவனுக்கு அக்னீஸ்வரர் என்று பேர், தீயாடியப்பர் என்றும் சொல்வார்கள். எல்லாத்தையும் எரிச்ச பழி தீர அக்னியே வந்து கும்பிட்டதாகத் தலபுராணம். எரிந்தவனைக் கூப்பிட்டு விசாரிக்காமல் எரித்தவனையே கணக்குக் கேட்ட அளவில் புராணம் நம் விசாரணைக் குழுக்களைக் காட்டிலும் முன்னே நிற்கிறது.

களிமேட்டில் பேச்சு அடங்கிய பிறகு மெதுவாக வெளியே வந்த ஒரு விஷயம், சாலை. அங்கே ரோடு புதிதாகப் போடப்பட்டு உயர்ந்திருந்தது என்று செய்திகள் சொல்லின. இது களிமேட்டுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. பழைய விதிப்படி 11 கிலோவோல்ட் கம்பி சாலையின் குறுக்கே போனால் தரையிலிருந்து 6.1 மீட்டர், சாலையோடு நெடுகப் போனால் 5.8 மீட்டர் உயரம் இருக்கவேண்டும். தரை என்று விதி சொல்வது எந்தத் தரை? கம்பம் நட்ட வருஷத்துத் தரையா, இன்றைய தரையா? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டும்போது ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறுகிறது. கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது, சித்திரை வெயிலில் கொஞ்சம் தொய்ந்தும் கொடுக்கிறது. வீட்டு வாசல் பள்ளமாவதை எல்லாரும் பார்க்கிறோம், கம்பி கீழே இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021 மே மாதமே அறிவுறுத்தியிருந்தார். ரோடு ஒரு துறை, கம்பி ஒரு துறை, தேர் ஒரு துறை. இவை மூன்றும் சந்திக்கிற ஒரே இடம் வடம் பிடிக்கிறவனின் உள்ளங்கை. மூன்று துறையும் சேர்ந்து உண்டாக்கிய ஆபத்தை அந்த உள்ளங்கையின் ஈரத்தில் போய் அளப்பதைத்தான் ஆபத்தை உணரும் திறன் என்கிறோம்.

மெய்நிகர்க் கண்ணாடியை யாருக்கு மாட்டுவது என்ற கேள்வி இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. எல்லா ஆய்விலும் அதை மாட்டிக்கொள்பவன் ஆபத்தின் அடியில் நிற்பவன்: கிரேன் ஓட்டுகிறவன், சுரங்கத்தில் இறங்குகிறவன், ரோட்டைக் கடக்கிறவன். 2019-இல் மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு ஆளெடுக்க அறிவித்தபோதும் கம்பம் ஏறிக் காட்ட வேண்டியிருந்தவர்கள் வேலை கேட்டு வந்த பையன்கள்தான். ரோட்டுக்கு மதிப்பீடு போடுகிறவர் ஒரு நாள் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் ஏற்றப்போகும் அரை அடிக்கு மேல் நின்று, தேர் உச்சியையும் கம்பியையும் அண்ணாந்து பார்க்கலாமே? அவருடைய நாடி எகிறுகிறதா என்று நாமும் பார்க்கலாம். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை ஒன்றும் கிடையாது. தெருவை முப்பரிமாணத்தில் அளந்து கணினிக்குள் ஏற்றுவது இன்று சாதாரண வேலை.

அளவு எடுக்கிறவர்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. சாமி புறப்பாட்டில் சப்பரத்துக்கு முன்னால் கவைக்கம்போடு போகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்து கிடக்கும் ஒயரைக் கம்பால் தாங்கித் தூக்கிப் பிடித்து, சப்பரம் நுழைந்து வெளியேறும் வரை நிற்பார். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல வருஷமாக இந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பயம் இருக்கான்னு கேட்டதற்குச் சிரித்தார். "பயமில்லாம? ஃப்யூஸப் புடுங்கிட்டோம்னு லைன்மேன் வந்து சொன்னாத்தாங்க கம்பையே தூக்குவேன். அதுவும் எல்.டி. லைனுக்குத்தான். எச்.டி.க்கெல்லாம் கம்பு கெடையாது, அங்க சப்பரத்தையே திருப்பிடணும்." கம்பை எடுத்துவந்து காட்டினார். நல்லாக் காய்ந்த மூங்கில். அடிப்பக்கத்தில், ஆள் நெஞ்சு உயரத்துக்கு, கத்தியால் போட்ட கீறல்கள். கடைத்தெரு முக்கில் வருஷா வருஷம் நிற்கும் அதே இடத்தில் நின்று, கம்பைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்து, கவை ஒயரைத் தொடும்போது நெஞ்சுக்கு நேரே கம்பில் எந்த இடம் வருகிறதோ அங்கே ஒரு கீறல். ஒயர் எவ்வளவு இறங்கியிருக்குன்னு அதுல தெரியுமாம். ஐந்து கீறல் இருந்தது. அடியில் இருந்து எண்ணினால், மேலே இருப்பதுதான் கடைசியாகப் போட்டது.